டோர்வாவை இறக்கிவிடாதே

சாலை பஜார், திருவனந்தபுரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள விஜிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அந்த ஓட்டல் ஏசிகளோடு மல்லுக்கட்டி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்கு மெயில் என்று கேட்பாய். இந்த ஒற்றை ரூம் வீட்டில் போனில் எது பேசினாலும் அம்மா காதில் விழுகிறது. ஸ்ட்ரோக் அவளுடைய பேச்சையும் வலது பக்கத்தையும் எடுத்துக்கொண்டதே தவிர, காதைத் தொடவில்லை. "இங்க எல்லாம் சுகம்" என்று உன்னிடம் நான் சொன்னால், அதை எந்தக் குரலில் சொல்கிறேன் என்று கவனிக்கிறாள்.

ஒரு விஷயம். சிரிக்கக் கூடாது. நீ விட்டுப்போன கேம் பெட்டியை எடுத்து நான் ஆட ஆரம்பித்துவிட்டேன். பைப்புக் கடை வேலை விட்டு வந்து டிவியைப் போட்டால் அம்மாவுக்கு சீரியலும் பிடிப்பதில்லை, செய்தியும் பிடிப்பதில்லை. ஒரு நாள் வெறுத்துப்போய் உன்னுடைய 'ஹால்டன் டிரிஃப்ட்'டைப் போட்டேன். கறுப்பு வானமும் ஓட்டைக் கப்பலும் வந்ததுதான் தாமதம், இடது கை மோதிரத்தால் கட்டில் கம்பியில் டக் டக்கென்று தட்டினாள். தூக்கி உட்கார வை என்று அர்த்தம். அன்றிலிருந்து தினமும் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, நான் செத்து செத்து விளையாடுவதைப் பார்க்கிறாள்.

உன் சேனலும் பார்த்தேன். 'டோர்வாவை முதல் நிலவிலேயே இறக்கிவிடுவது எப்படி?' ஒன்றரை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அவள் என்ன பாவம் செய்தாள்? கைவிடப்பட்ட விண்வெளி நிலையங்களைத் தேடிப் போகும் கேப்டனோடு கால் தாங்கித் தாங்கி வருகிறாள். கதவு திறக்கிறாள், கிழிந்த உடையை ஒட்டுகிறாள். நடுநடுவே "கப்பலுக்குத் திரும்பலாமா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதானே. அதற்காக ஒரு மனுஷியை ஆளில்லாத நிலவில் இறக்கிவிடுவீர்களா?

இன்னொன்று. மே மாதம் லீவு போட்டு வந்து கொஞ்ச நாள் இங்கே இருக்க முடியுமா? டாக்டரிடம் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பயப்படும்படி ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அக்கா நாச்சியார்

தோஹா
19 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் எப்படி? குளிர் இந்த வருஷம் எலும்பு வரை போகிறது.

நீ கேம் ஆடுகிறாய் என்று ரூமில் சொன்னேன், ஒருத்தனும் நம்பவில்லை. ஆனால் அக்கா, டோர்வா விஷயத்தில் மட்டும் என்னோடு மோதாதே. உலகத்தில் அந்த கேம் ஆடுகிறவன் எல்லாருக்கும் ஒத்த கருத்து இருப்பது அந்த ஒரு விஷயத்தில்தான். நாம் இப்போதுதான் ஒரு நிலையத்துக்குள் நுழைந்திருப்போம், காற்று பாதிக்கு மேல் இருக்கும், "திரும்பலாமா?" அடுத்த அறைக்குப் போவோம், "திரும்பலாமா?" ஏணி ஏற நேரமாக்குகிறாள். சண்டை போடத் தெரியாது. அவளை இறக்கிவிட்டால் கப்பல் வேகம் கூடுகிறது. கணக்கு அவ்வளவுதான்.

மே லீவு கஷ்டம் அக்கா. புது மேனேஜர் வந்திருக்கிறார், யார் கேட்டாலும் முறைக்கிறார். டாக்டர் வேலை என்று எழுதியிருக்கிறாயே, அம்மாவுக்கா? ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. போன தடவை ஸ்ட்ரோக் வந்ததையே ஐசியூவிலிருந்து வெளியே கொண்டுவந்த பிறகுதான் எனக்குச் சொன்னாய். அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அன்புத் தம்பி,
விஜி

சாலை
2 பிப்ரவரி

அன்புள்ள விஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குளிருக்கு நான் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருப்பாய், எடுத்துப் போடு.

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. பிரஷர் சரியாக இருக்கிறது, சாப்பாடும் இறங்குகிறது.

ஸ்ட்ரோக் விஷயத்தில் உன் கோபம் நியாயம்தான். ஆனால் கடல் தாண்டி இருக்கிறவனுக்குக் கெட்ட சேதியை எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வது என்பது நம் வீட்டில் நான் கொண்டுவந்த வழக்கமா? அப்பா மஸ்கட்டில் இருந்தபோது உனக்கு டைபாய்டு வந்தது. நீ எழுந்து பள்ளிக்கூடம் போன பிறகுதான் அம்மா அவருக்கு எழுதினாள். "அங்கேர்ந்து அவர் என்ன செய்ய முடியும், சோறு இறங்காம கெடப்பாரு" என்பாள். இந்தத் தெருவில் எந்த வீட்டில்தான் அப்படி இல்லை?

டோர்வாவுக்கு வருகிறேன். சண்டை போடத் தெரியாது என்கிறாய். நீ சண்டை போட்டுக் கிழித்துக்கொண்டு வருகிற உடையை யார் ஒட்டுகிறார்கள்? வேகம் கூடுகிறது என்கிறாய். எங்கே போய்ச் சேர இவ்வளவு அவசரம்? இந்தக் கேமில் போய்ச் சேரும் இடம் எல்லாமே இடிந்து கிடக்கிறது. நான் அவளைக் கூட்டிக்கொண்டு நாலாவது நிலையம் வரை வந்துவிட்டேன். சில விஷயம் கூடவே வைத்திருந்தால்தான் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

தோஹா
1 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் நலம். கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

பெரிய செய்தி! கேம் கம்பெனிக்காரர்கள் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் டோர்வா இல்லாமலேயே ஆட்டத்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்று. 'டோர்வாவுக்கு டாட்டா' என்று ஒரு வீடியோ போட்டேன், பிய்த்துக்கொண்டு போகிறது அக்கா. தமிழில் கேம் சேனல் வைத்து இவ்வளவு பேர் பார்ப்பது லேசா? முதல் தடவையாக, ஏசி மெக்கானிக் என்று சொல்லாமல் என்னை வேறு பேரில் அறிமுகப்படுத்துகிறார்கள்.

நீ மட்டும் எதிர் ஓட்டுப் போட்டுவிடாதே, வீட்டுக்குள்ளேயே தோற்றுப்போவேன்.

லீவு கேட்டுப் பார்த்தேன். இப்போதைக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய், நிம்மதி.

விஜி

சாலை
16 மார்ச்

அன்புள்ள விஜிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. குளிர்ந்ததைத் தொடாதே.

அம்மன் கோயில் பொங்காலை முடிந்து மூன்று நாளாகியும் தெருவெல்லாம் அடுப்புச் செங்கல் கிடக்கிறது. இந்த வருஷம் நான் பொங்கல் கலம் வைக்கவில்லை. உடம்பு தோதுப்படவில்லை, பெண்களுக்கான காரணம், உனக்கு வேண்டாம். கதவை லேசாகத் திறந்து வைத்து, மற்றவர்கள் கலம் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் புகை.

எதிர் ஓட்டுப் போட்டேன். அது போதாதென்று மலையாளத்துப் பிள்ளைகளின் கேம் குரூப் ஒன்றில் டோர்வாவுக்காக நீளமாக எழுதினேன். அரை மணி நேரத்தில் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள், 'டோர்வா அம்மாயி' என்று. "சேச்சி, சோறு வெச்சுட்டு வந்து ஆடுங்க" என்றான் நவநீத் என்று ஒருவன். சாரமில்லை, போகட்டும். ஏச்சு நமக்குப் புதிதா?

நான் எழுதியதை உனக்கும் சொல்கிறேன். அவள் திரும்பலாமா என்று கேட்கிறாள் என்று எல்லாரும் திட்டுகிறீர்கள். ஏன் கேட்கிறாள் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? ஒரு ஆள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அந்த ஆள் தொல்லை என்று முடிவுகட்டுவது சுலபம். அந்த வார்த்தையை விட்டால் அவளுக்கு வேறு சொல்லத் தெரியவில்லையோ என்னவோ.

கடையில் மகாராஜா அண்ணாச்சி பில் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார். "நீ நிக்காண்டாம், இதுல இரி மோளே, பைப்பு எடுக்க பையன்மார் உண்டு" என்கிறார். முதலாளிமார் தானாகக் கருணை காட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா சுகம். முன்னைப்போல உட்கார வேண்டும் என்று தட்டுவதில்லை. படுத்தவாக்கிலேயே கேம் பார்க்கிறாள். வயதாகிறதே, உட்கார ஆசை விட்டுப்போயிருக்கும். எனக்கும் தூக்குகிற வேலை மிச்சம்.

அக்கா

தோஹா
6 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஓட்டெடுப்பில் நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஜூனில் அப்டேட் வருகிறது, டோர்வா இனி வேண்டியவர்களுக்கு மட்டும். உன்னைப்போல நாலு பேருக்கு. கோபமில்லையே?

லீவு நிலவரம் அதேதான்.

விஜி

சாலை
27 ஏப்ரல்

அன்புள்ள விஜிக்கு,

நீ நலமாக இருப்பது வீடியோவிலேயே தெரிகிறது.

மே கடைசியில் பெங்களூரில் உன் ரசிகர்களைச் சந்திக்கிறாய் என்று அறிவித்திருந்தாய். அந்த நீலச் சட்டை உனக்கு எடுப்பாக இருந்தது. காலர் மட்டும் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

மே மாதம் இனி வேண்டாம். டாக்டரிடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் சத்தம் போட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்டேட் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே தடவை, டோர்வாவை இறக்கிவிடாமல் ஆடிப் பார். வீடியோவுக்காக வேண்டுமானாலும் ஆடு. அதற்குப் பிறகும் அவள் தொல்லைதான் என்று சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இங்கே எல்லாம் சுகம்.

அக்கா

தோஹா
11 மே

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு முகம் இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள். பெங்களூர் விஷயத்தை உன்னிடம் மறைத்தேன். கிடைத்த லீவே மூன்று வாரம். அதை எனக்கென்று செலவழிக்க ஆசைப்பட்டேன். நீ திட்டியிருந்தால் தேவலை. காலரைப் பற்றி எழுதினாய்.

நேற்று லைவில் ஆடினேன். 'டோர்வாவின் கடைசிப் பயணம்' என்று தலைப்பு. பார்க்கிறவர்களுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று செட்டிங்கில் இருந்த எல்லா அளவையும் திரையில் வரவைத்தேன். அதில் 'கூட வருபவர் நிலை' என்று ஒன்று. கேம் வாங்கும்போது அது அணைந்துதான் இருக்கும். நான் இத்தனை நாளில் அதைப் போட்டதே இல்லை. முதல் நிலவிலேயே இறக்கிவிடுகிறவனுக்கு அது எதற்கு?

மூன்றாவது நிலையத்தில் எனக்குக் காற்று குறைந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஏறியது. எப்போதும் அங்கங்கே அப்படி ஏறும், கேம் சலுகை காட்டுகிறது என்று நினைத்துக்கொள்வோம். நேற்றுதான் பார்த்தேன், எனக்கு ஏறும்போதெல்லாம் அவளுக்கு இறங்குகிறது. பின்னால் நின்று அவளுடைய குழாயை என் உடையில் சொருகுகிறாள். ஒரு வார்த்தை சொல்வதில்லை. தன்னுடையது அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் "கப்பலுக்குத் திரும்பலாமா?" என்கிறாள்.

பழக்க தோஷம், நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன் அக்கா. அவளும் வந்தாள். லைவில் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். நான் அப்படியே அணைத்துவிட்டேன்.

உனக்கு இது தெரியும், இல்லையா? எப்போதோ தெரியும். ஏன் சொல்லவில்லை?

காலையில் மகாராஜா அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அக்காவுக்கு என்ன?" என்றேன். "சுகந்தாம்டே, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். ஒரு ஒண்ணுமில்ல போதாதா? எதற்கு இரண்டு?

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினாய். டாக்டர் வேலை யாருக்கு என்று நான் திரும்பக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன அக்கா? உன் அளவு என்ன?

விஜி

சாலை
14 மே

அன்புள்ள விஜிக்கு,

இரண்டு நாள் எழுதி எழுதி அழித்தேன். இதற்கு முன்னால் இப்படி ஒரு கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

கர்ப்பப்பையில் கட்டி. புற்று இல்லை, அதைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் ரத்தம் நிற்பதில்லை. இரண்டு தடவை பாட்டில் ஏற்றினார்கள், இரண்டு தடவையும் அரை நாள் லீவு போட்டுப் போய் ஏற்றிக்கொண்டு, அம்மாவின் மருந்து நேரத்துக்கு வீடு வந்துவிட்டேன். போன வாரம் பார்த்தபோது ரத்த அளவு ஏழு. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எடுத்த பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். அம்மாவை யார் தூக்குவது? அதற்காகத்தான் உன்னைக் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள் என்றுதான் மெயிலில் எழுதினேன். எழுத உட்கார்ந்த பிறகு உனக்கும் சொல்ல வரவில்லை.

டோர்வா விஷயம் பிப்ரவரியிலேயே தெரியும். எனக்கு செட்டிங் எல்லாம் தெரியாது, ஏதோ பட்டனைத் தெரியாமல் அழுத்தியதில் அந்த அளவு வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்கிறாய். சொன்னால் அது கணக்குச் சொல்வதாகிவிடும். நீயாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பில்தான் ஓட்டும் போட்டேன், பிள்ளைகளிடம் ஏச்சும் வாங்கினேன்.

விஜி, எனக்குக் களைத்துவிட்டது. கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. படி ஏறக் களைப்பு, தலை வாரக் களைப்பு, சுகம் என்று எழுதுவதற்கே களைப்பாக இருக்கிறது. நீ வா.

அக்கா

தோஹா
15 மே

அக்கா,

பெங்களூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மூன்று வாரத்தோடு சம்பளமில்லாமல் நாலு வாரம் சேர்த்துக் கேட்டேன். மேனேஜர் முறைத்தார், நானும் முறைத்தேன். 30ஆம் தேதி வந்து இறங்குகிறேன். டாக்டரிடம் தேதி வாங்கிவிடு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வந்து யோசிப்போம். அதுவரை நீ எதையும் தூக்காதே. அண்ணாச்சி வீட்டில் யாரையாவது கேள், வெட்கப்படாமல் கேள்.

விஜி

ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
10 ஜூன்

விஜி,

தையல் இழுக்கிறது, மற்றபடி பிழைத்துக்கொண்டேன். நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை என்பதை நம்ப முடியாமல் இரண்டு தடவை விழித்துப் பார்த்தேன். நர்ஸ் போனைத் தர மாட்டேன் என்று ஒரே பிடி, கெஞ்சி வாங்கினேன். மழை ஜன்னலில் அடிக்கிறது, வீட்டில் சமையல் பக்கம் ஒழுகும், பாத்திரம் வை.

நேற்று வார்டுக்கு வந்தபோது, "வீட்டுல எல்லாம் சுகம்" என்றாய். எனக்கு அது வேண்டாம். நிஜத்தை எழுது. அம்மா எப்படி இருக்கிறாள்?

அக்கா

சாலை, நம் வீடு
10 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நிஜத்தை எழுதுகிறேன். முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்தது. அம்மாவுக்குத் துணி மாற்றும்போது அவளும் கண்ணை மூடிக்கொண்டாள், நானும் மூடிக்கொண்டேன். பாத்திரம் வைப்பதற்குள் ஒழுகிவிட்டது. என் முதுகு விட்டுப்போயிற்று. நீ இதை மூன்று வருஷம் எப்படிச் செய்தாய் என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

உனக்கு என்ன ஆபரேஷன், ஏன், எப்போதிலிருந்து, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நம் வீட்டு வழக்கத்தை உடைத்தாயிற்று. அவள் அதிர்ந்துபோவாள் என்று பயந்தேன். அதிரவில்லை. வாசல் கொடியைக் கண்ணால் காட்டினாள். நீ ராத்திரி ராத்திரியாகத் துவைத்துப் போட்ட சேலைகளை அவள் கட்டிலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இருக்கவே நீ எனக்கு மெயில் எழுதினாய், அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். அவளுக்கு உட்கார ஆசை விட்டுப்போய்விட்டது என்று மார்ச்சில் எழுதினாயே. அக்கா, நான் வந்த பிறகும், நீ வீட்டில் இருந்தவரை சும்மாதான் இருந்தாள். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் தனியாக வீட்டுக்குள் வந்தேன் பார், டக் டக் டக். தூக்கி உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் படுக்க வைத்தால் மறுபடியும் தட்டுகிறாள். ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும், தட்டு. கேம் போட வேண்டும், தட்டு. விடிந்தால் தட்டு. இத்தனை மாதம் படுத்தே கிடந்திருக்கிறாள், உன்னைத் தூக்கச் சொல்லக் கூடாது என்று.

இப்போதுகூட உட்கார்ந்துதான் இருக்கிறாள். கேமில் டோர்வா திரும்பலாமா என்று கேட்டாள், நான் உடனே திரும்பிவிட்டேன். நீ அவசரப்பட்டு வராதே. அம்மா தட்டுகிறாள், தலையணையிலிருந்து சரிந்துவிட்டாள்போல, போய்த் தூக்கிவிட்டு வருகிறேன்.

தம்பி,
விஜி